மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே வராதீர்கள்

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். நாங்கள் குமரி மாவட்டத்தில், கேரள எல்லையை ஒட்டிய நீரோடி பக்கம். என் தம்பிக்கு 26 வயது. சின்ன வயதிலிருந்தே சிப்பி எடுக்க முங்குவான். போன வருஷம் முதல், மேலே ஓடும் கம்பரசரிலிருந்து காற்று வரும் ஓஸை வாயில் கடித்துக்கொண்டு போகிறான். 12 நாளைக்கு முன்னால், ஆறு பாகம் ஆழத்தில் இருந்தபோது ஓஸில் காற்று நின்றுவிட்டது. கடைசியாக இழுத்த மூச்சை அடக்கிக்கொண்டு வேகமாக மேலே வந்தான். வள்ளத்தைப் பிடித்து இரண்டு வார்த்தை பேசியவன் அப்படியே கை நழுவி விழுந்தான். கை கால் வெட்டியது, வாய் கோணியது, வலது கையும் காலும் அசையவில்லை. எச்சிலில் கொஞ்சம் ரத்தம் வந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். போய்ச் சேருவதற்குள் பாதி சரியாகிவிட்டது. சிடி ஸ்கேனில் ஒன்றும் இல்லை, அபஸ்மாரம், அதாவது காக்காய் வலிப்பு என்று சொல்லி, வலிப்பு மாத்திரை கொடுத்து மறுநாள் அனுப்பினார்கள். அன்று இரவே கை மறுபடி மரத்துப்போனது. இப்போது வலது கையால் சட்டைப் பட்டன் போட முடியவில்லை, தெரிந்தவர்களின் பெயர் மறக்கிறது. ட்ரிப்ஸ் குழாயில் ஒரு காற்றுக்குமிழ் போனதை அம்மா பார்த்தாளாம். அதனால்தான் இப்படி என்று அழுகிறாள். அடுத்த மாதம் தம்பி வேலைக்காக வளைகுடாவுக்கு விமானம் ஏற வேண்டும். அதற்கு முன் நாலு நாள் முங்கிக் கொஞ்சம் காசு பார்த்துவிட்டுப் போகிறேன் என்கிறான். அவனுக்கு வந்தது என்ன? விடலாமா?

பதில்: அன்புள்ள சகோதரி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். விடாதீர்கள். நாலு நாள் வேண்டாம், ஒரு முங்கு கூட வேண்டாம். விமானமும் இப்போதைக்கு வேண்டாம். காரணத்தைத் தம்பியைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படித்துக் காட்டுங்கள்.

நேரில் பார்க்காமல் நோய்க்குப் பெயர் வைக்க நான் தயங்குகிறவன். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் வரிசையைப் படித்தபோது எனக்குச் சந்தேகம் அதிகம் எழவில்லை. ஆழத்தில் அழுத்தக் காற்றை மூச்சாக இழுத்திருக்கிறார், மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்திருக்கிறார், வந்த சில நிமிடத்துக்குள் வலிப்பும் ஒருபக்க வாதமும் வந்திருக்கின்றன, எச்சிலில் ரத்தம் வந்திருக்கிறது. நுரையீரல் எங்கோ கிழிந்து, அங்கிருந்து காற்று ரத்தத்தில் கலந்து, மூளையின் தமனிகளில், அதாவது இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுபோகும் குழாய்களில், போய் அடைத்திருக்கிறது. இதற்கு ஏர் எம்பாலிசம் என்று பெயர். தமிழில் காற்றடைப்பு என்று வைத்துக்கொள்வோம். தண்ணீருக்கு மேலே வந்த பத்து நிமிடத்துக்குள் ஒருவர் மயங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, கைகால் விழுந்தாலோ, வேறு காரணம் உறுதியாகும்வரை அதை மூளைக் காற்றடைப்பு என்றே எடுத்துக்கொண்டு வைத்தியம் தொடங்க வேண்டும். முக்குளிப்பு மருத்துவத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடங்களில் இது ஒன்று. அந்த எச்சில் ரத்தத்தைப் பற்றி அங்கே யாராவது கேட்டார்களா என்று தெரியவில்லை. கேட்டிருந்தால் கதை வேறு பக்கம் போயிருக்கும்.

இப்போது உங்கள் தம்பிக்குப் புரிய வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். கொளச்சல் முதல் விழிஞ்ஞம் வரை நம் கடற்கரையில் சிப்பிக்கு முங்குகிறவர்கள் தலைமுறை தலைமுறையாக ஒரே வித்தையைக் கற்றிருக்கிறார்கள்: மேலே மூச்சை இழுத்து, அடக்கி, முங்கி, அடக்கியபடியே மேலே வருவது. அந்த முங்குக்கு அது சரி. கடல்மட்டத்தில் இழுத்த காற்று கீழே போகப் போகச் சுருங்கும். மேலே வரும்போது பழைய அளவுக்குத்தான் திரும்பும், அதற்கு மேல் விரிய வழியில்லை. அப்பனும் பாட்டனும் 'மூச்சை விடாதே' என்று சொன்னது அந்த முங்குக்குத்தான்.

கம்பரசர் ஓஸ் வந்ததும் கணக்கு தலைகீழாகிவிட்டது. பத்து மீட்டர் ஆழத்தில் கடலின் அழுத்தம், மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அங்கே ஓஸிலிருந்து இழுக்கும் காற்றும் அதே அழுத்தத்தில்தான் நுரையீரலுக்குள் வருகிறது. ஆறு பாகம் என்றால் ஏறத்தாழ 11 மீட்டர். அங்கே நெஞ்சில் நாலு லிட்டர் காற்றை வைத்து அடக்கிக்கொண்டு வந்தால், மேலே வரும்போது அது எட்டு லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். வளர்ந்த ஆணின் நுரையீரல் முழுதாக விரிந்தால் ஆறு லிட்டர் சுமாருக்குத்தான் கொள்ளும். மீதிக் காற்றுக்குப் போக இடம் இல்லாததால், காற்றுப்பைகளின் மெல்லிய சுவர் கிழிகிறது. பக்கத்திலேயே ஓடும் ரத்தக்குழாய்க்குள் காற்று நுழைகிறது. அந்த ரத்தம் நேராக இதயத்தின் இடப்பக்கத்துக்குப் போய், அங்கிருந்து கழுத்துத் தமனி வழியாக மூளைக்கு ஏறுகிறது. இதெல்லாம் நடக்கச் சில நொடிகள் போதும். வள்ளத்தைப் பிடித்து இரண்டு வார்த்தை பேசிவிட்டு விழுந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டு வார்த்தை நேரம்தான் அது.

ஆழம் குறைவு என்றால் ஆபத்து குறைவு என்று நினைக்க வேண்டாம். கடைசிப் பத்து மீட்டரில்தான் காற்று வேகமாக விரிகிறது. நுரையீரல் நிறையக் காற்றை வைத்துக்கொண்டு ஒரு மீட்டர் சுமார் ஏறினாலே கிழிந்தவர்கள் உண்டு. புரொப்பெல்லரில் வலை சுற்றிக்கொண்டால், ஓஸைக் கடித்துக்கொண்டு அடியில் போய் அறுத்துவிடும் பையன்களுக்கும் இது பொருந்தும். இரண்டு மீட்டர்தானே என்று அவர்களில் யாரும் இதை நினைப்பதில்லை.

சரி, போகும் வழியிலேயே பாதி சரியானது எப்படி? அதுதான் இந்த நோயின் மோசமான குணம். குமிழ் நகர்ந்து அடுத்த குழாய்க்குப் போகலாம், கொஞ்சம் கரையலாம், அப்போது கை அசைகிறது, பேச்சு வருகிறது. வீட்டார் நிம்மதியாகிவிடுகிறார்கள், பார்த்த மருத்துவரும் ஏமாந்துபோகலாம். ஆனால் குமிழ் ஓடிய வழியெல்லாம் ரத்தக்குழாயின் உள்பூச்சை உரசிக் காயப்படுத்தியிருக்கும். அங்கே வெள்ளணுக்கள் ஒட்டும், வீக்கம் வரும், சில மணி நேரம் கழித்து ரத்த ஓட்டம் மறுபடி குறையும். அன்று இரவு கை மரத்துப்போனது இந்த இரண்டாவது அடியாகத்தான் இருக்க வேண்டும். தானாகத் தெளிந்தவரையும், குமிழைச் சுருக்கக் காற்றழுத்தத்தைக் கூட்டும் அழுத்த அறைக்கு அனுப்ப வேண்டும் என்று நாங்கள் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான். சிடி ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்பதை வைத்து அமைதியாகவும் முடியாது. படம் எடுக்கும் நேரத்துக்குள் காற்று உறிஞ்சப்பட்டிருக்கலாம், அல்லது படத்தில் தெரியாத அளவுக்குச் சிறிய குமிழாக இருக்கலாம்.

அம்மாவிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்: ட்ரிப்ஸ் குமிழ் காரணமில்லை. தம்பி விழுந்தது கடலில், ட்ரிப்ஸ் போட்டது அதற்கப்புறம். கையில் ஏற்றும் ட்ரிப்ஸ் சிரைக்குள், அதாவது இதயத்துக்கு ரத்தம் திரும்பும் குழாய்க்குள் போகிறது. சிரை வழியாகப் போகும் சின்னக் குமிழ்களை நுரையீரல் சல்லடை மாதிரிப் பிடித்து, மூச்சோடு வெளியே அனுப்பிவிடும். சிரை வழியாக ஒருவரைக் கொல்ல 200 முதல் 300 மில்லி காற்று, அதுவும் வேகமாகப் போக வேண்டும் என்பது பொதுவான மதிப்பீடு. மூளைத் தமனிக்குள் போனால் இரண்டு மூன்று மில்லியே உயிருக்கு ஆபத்து. வித்தியாசம் எந்தக் குழாய் என்பதில் இருக்கிறது. நாலு பேரில் ஒருவருக்கு இதயத்தின் இரண்டு மேலறைகளுக்கு நடுவே பிறவியிலேயே சின்ன வழி மூடாமல் இருக்கும், அவர்களுக்கு மட்டும் சிரைக் குமிழ் குறுக்கே தாண்டிப் போக இடமுண்டு. ஆனாலும் ட்ரிப்ஸில் தெரிந்த ஒரு குமிழுக்காக அந்த நர்ஸ் மீது பழி போட வேண்டாம். ஆஸ்பத்திரியில் நிஜமாகப் பயப்பட வேண்டிய இடம் கழுத்துச் சிரையில் போட்ட பெரிய குழாய். டயாலிசிஸ் எடுக்கிறவர்கள் வீட்டில் இருந்தால் நினைவில் வையுங்கள். அதை உருவும்போது நோயாளி உட்கார்ந்திருக்கக் கூடாது, மல்லாக்கப் படுத்திருக்க வேண்டும், உருவும் நொடியில் மூச்சை இழுக்கக் கூடாது, உருவிய துளையைக் காற்றுப் புகாமல் அழுத்தி ஒட்ட வேண்டும்.

இனி வைத்தியம். ராபர்ட் பாயில் 1670ஆம் ஆண்டிலேயே, காற்றை உறிஞ்சி எடுத்த பாத்திரத்தில் ஒரு பாம்பை வைத்து, அதன் கண்ணுக்குள் குமிழ் நகர்வதைப் பார்த்து எழுதினார். அழுத்தம் குறைந்தால் குமிழ் வருகிறது. அப்படியானால் அழுத்தத்தைத் திரும்பக் கொடுத்தால் குமிழ் சுருங்க வேண்டும். வைத்தியத்தின் அடிப்படை அதுதான். இரும்பு உருளை மாதிரி ஓர் அறை, அதை ரீகம்ப்ரஷன் சேம்பர் அல்லது ஹைபர்பாரிக் சேம்பர் என்பார்கள். நோயாளியை உள்ளே வைத்துக் கதவை மூடி, 18 மீட்டர் ஆழத்தில் இருப்பதற்குச் சமமாக, 2.8 மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோவார்கள். குமிழின் பருமன் ஏறத்தாழ மூன்றில் ஒன்றாகும். ஆனால் விட்டம் முப்பது சதவீதம் சுமாருக்குத்தான் குறையும், ஆகவே அழுத்தம் மட்டும் போதாது. கூடவே முகமூடியில் சுத்தமான ஆக்சிஜன் கொடுக்க வேண்டும். குமிழில் இருப்பது பெரும்பாலும் நைட்ரஜன். மூச்சில் நைட்ரஜனே இல்லாதபோது அது குமிழை விட்டு ரத்தத்துக்கும், ரத்தத்தை விட்டு நுரையீரலுக்கும் வெளியேறிவிடுகிறது. அதோடு அந்த அழுத்தத்தில் ரத்தநீரிலேயே நிறைய ஆக்சிஜன் கரைவதால், அடைப்புக்கு அப்பால் பட்டினி கிடக்கும் மூளைத் திசுவுக்கும் போய்ச் சேர்கிறது. வீக்கமும் குறைகிறது.

அழுத்தத்தோடு சேர்ந்த ஆக்சிஜன் அளவு மீறினால் அதுவே வலிப்பை வரவைக்கும். ஆகவே 20 நிமிடம் ஆக்சிஜன், 5 நிமிடம் சாதாரணக் காற்று என்று மாற்றி மாற்றிக் கொடுப்பார்கள். உலகம் முழுக்கப் பயன்படும் அமெரிக்கக் கடற்படையின் ஆறாம் எண் சிகிச்சை அட்டவணையில் மொத்தம் 4 மணி 45 நிமிடம். பெரிய அறை என்றால் உதவியாளர் ஒருவரும் உள்ளே உட்கார்ந்திருப்பார். காது அடைக்கும், எச்சில் விழுங்கினால் திறக்கும். நெருப்பு அபாயத்துக்காக நைலான் உடுப்பு, மொபைல், லைட்டர் எதுவும் உள்ளே போகக் கூடாது. தலையில் எண்ணெய் இருக்கவே கூடாது. நம் ஊரில் தேங்காயெண்ணெய் தேய்க்காத தலை ஏது? அதனால் குளித்துத் துடைத்துப் பருத்தி உடுப்பு போட்டுத்தான் அனுப்புவோம். கடற்படையில் இருந்த காலத்தில், இப்படி ஓர் இளைஞனோடு நான் உள்ளே இருந்திருக்கிறேன். 18 மீட்டர் அழுத்தத்துக்குப் போய்ச் சில நிமிடத்தில், செத்த மாதிரிக் கிடந்த அவனுடைய இடது கை என் முழங்காலைத் தட்டியது. நான் முதலில் தற்செயல் என்று நினைத்தேன். அவன் மறுபடி தட்டினான். எல்லோருக்கும் அப்படி நடக்காது. தாமதமாகக் கொண்டுவரப்பட்டவர்களில் பலருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திரும்பியது, சிலருக்குக் குறை அப்படியே நின்றுவிட்டது. முதல் ஆறு மணி நேரத்துக்குள் அழுத்தம் கிடைத்தால் பலன் அதிகம். ஒரு நாள் கடந்து வந்தவர்களும் தேறியிருக்கிறார்கள், அதனால் நேரமாகிவிட்டது என்று யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது.

உங்கள் தம்பிக்கு 12 நாள் ஆகிவிட்டது. அந்த முதல் சில மணி நேரம் போய்விட்டது, அதை மறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் குறை மீதியிருக்கும்போது, இந்தத் துறை தெரிந்த மருத்துவர் ஒருவர் அவரைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும், இப்போதும் சில அமர்வுகள் உதவுமா என்பதை அவர் சொல்வார். நாளைக்கே ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கோ திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிக்கோ போய் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். மூளைக்கு எம்ஆர்ஐ, நெஞ்சுக்கு சிடி, இரண்டும் தேவை. நெஞ்சு சிடியை மறந்துவிடாதீர்கள். நுரையீரலில் முன்னாடியே பழைய காசநோய்த் தழும்போ காற்றுக் கொப்புளமோ இருந்தால் அதில்தான் கிழிந்திருக்கும். கிழிந்த இடத்தில் காற்று நெஞ்சுக்கூட்டுக்குள் தேங்கியிருக்கவும் கூடும். விமானத்துக்குள் அழுத்தம், 1,800 முதல் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பது போலத்தான் இருக்கும். தேங்கிய காற்று அங்கே விரிந்தால் நடுவானில் மூச்சு முட்டும். நெஞ்சு சரியாகிவிட்டது என்று மருத்துவர் எழுதிக் கொடுக்கும்வரை வளைகுடாப் பயணத்தைத் தள்ளிவையுங்கள். வேலை போய்விடும் என்ற பயம் எனக்குப் புரிகிறது. ஏஜென்டிடம் மருத்துவச் சான்று காட்டித் தேதியை மாற்றிக் கேளுங்கள்.

வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். அபஸ்மாரம் என்ற முத்திரை தேவையா, எத்தனை நாள் மாத்திரை என்பதை நரம்பியல் மருத்துவர் முடிவு செய்யட்டும். விரல்களுக்குப் பயிற்சியை இன்றைக்கே தொடங்கலாம். பட்டன் போடுவது, வலைக்கண் முடிவது, இரண்டுமே நல்ல பயிற்சிதான். பிறர் போட்டுவிடாமல் அவரே மெதுவாகப் போடட்டும்.

நீரோடி முதல் தேங்காய்ப்பட்டணம் வரை வள்ளம் இறக்குகிற எல்லோருக்குமாகவும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மேலே வந்தவர் விழுந்தால், மல்லாக்கச் சமமாகப் படுக்க வையுங்கள். நினைவில்லை, வாந்தி வருகிறது என்றால் ஒருக்களித்து. தலையைத் தாழ்த்திக் காலைத் தூக்குவது பழைய முறை, அது மூளை வீக்கத்தைக் கூட்டும். எழுந்து நடக்கவிடாதீர்கள். மறுபடி முங்கவிட்டால் சரியாகும் என்று சில இடங்களில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. வாதம் வந்தவரைத் தண்ணீருக்குள் இறக்குவது அவரை மூழ்கடிப்பதுதான், ஒருபோதும் செய்யாதீர்கள். ஆக்சிஜன் இருந்தால் உடனே கொடுங்கள், ரிசர்வாயர் பை வைத்த முகமூடியில், நிமிடத்துக்கு 15 லிட்டர். கொரோனாக் காலத்தில் எல்லோரும் பார்த்த பி டைப் சிலிண்டரில் 1,500 லிட்டர் இருக்கும், நூறு நிமிடம் வரும். இரண்டு மூன்று வள்ளக்காரர்கள் சேர்ந்து கரையில் ஒன்று வாங்கி வைக்கலாம் என்பது என் நெடுநாள் ஆசை. தெளிந்துவிட்டார் என்று ஆக்சிஜனை நிறுத்தக் கூடாது.

கடலில் இருந்தால் கடலோரக் காவல்படைக்கு 1554, கரையில் 108. எல்லைக்கு இரண்டு பக்கமும் 108தான். ஆஸ்பத்திரியில் சொல்ல வேண்டிய வார்த்தை தமிழிலும் மலையாளத்திலும் ஒன்றே: ஏர் எம்பாலிசம். 'கம்பரசர் காற்றில் முங்கி மேலே வந்த உடனே விழுந்தார், ஏர் எம்பாலிசமா என்று பாருங்கள், ஹைபர்பாரிக் சேம்பர் எங்கே இருக்கிறது என்று உடனே விசாரியுங்கள்' என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஸ்கேனுக்காக மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம், மருத்துவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. கடற்படையின் தென்மண்டலத் தலைமையகமும் முக்குளிப்புப் பள்ளியும் கொச்சியில்தான் இருக்கின்றன. ஆஸ்பத்திரி மருத்துவர் அங்கே பேசி வழி கேட்கலாம். திருவனந்தபுரத்திலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர், கடலோரச் சாலை, மலை ஏற்றம் இல்லை. உயரத்துக்குப் போனால் குமிழ் பெரிதாகும் என்பதால் இது நமக்கு ஒரு நல்ல வாய்ப்பு. ஹெலிகாப்டர் கிடைத்தால் 300 மீட்டருக்கு மேல் பறக்க வேண்டாம் என்று சொல்ல வேண்டும். பெரிய தனியார் மருத்துவமனைகள் சிலவற்றில் சர்க்கரைப் புண்ணுக்காக இந்த அறை வைத்திருக்கிறார்கள். அங்கே கேட்க வேண்டிய ஒரே கேள்வி, 2.8 மடங்கு அழுத்தம் வருமா என்பது. அழகு நிலையங்களில் வைத்திருக்கும் துணிப்பை மாதிரியான அறையில் 1.3 மடங்குதான் வரும், அது இதற்கு உதவாது.

கம்பரசர் பற்றி: பெயின்ட் அடிக்கும், பஞ்சர் ஒட்டும் மெஷினை மூச்சுக்கு வைத்துக்கொண்டு முங்கவே கூடாது. என்ஜின் புகை உள்ளே இழுக்கப்பட்டால் கார்பன் மோனாக்சைடு விஷம் வேறு. ஆனாலும் நாளைக் காலையும் யாராவது அதோடு போகத்தான் போகிறார்கள். அவர்களுக்குச் சொல்கிறேன். காற்று நின்றுவிட்டால் பதறி மூச்சை அடக்காதீர்கள். வாயைத் திறந்து 'ஆ' என்று மெல்ல விட்டுக்கொண்டே ஏறுங்கள். தீர்ந்துபோகுமே என்று பயம் வரும், தீராது. நீங்கள் ஏற ஏற உள்ளே இருக்கும் காற்று விரிந்து நிறைந்துகொண்டே இருக்கும். சாதாரணமாக ஏறும்போது நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்துக்கு மேல் வேண்டாம். ஆறு பாகம் ஏற ஒரு நிமிடத்துக்கு மேலேயே ஆகட்டும்.

உங்கள் தம்பி இனி எப்போதாவது முங்கலாமா என்று கேட்பார். நெஞ்சு சிடியில் கொப்புளமோ தழும்போ இருந்தால் ஓஸோடு ஒருபோதும் கூடாது. எல்லாம் சுத்தமாக இருந்தாலும், குறை எதுவும் மீதியில்லாமல், பல மாதம் கழித்து, முக்குளிப்பு மருத்துவர் பார்த்துச் சம்மதித்தால்தான் அந்தப் பேச்சு. சிடி படம், டிஸ்சார்ஜ் காகிதம், மாத்திரை அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். விழுந்த நேரம், கை அசைந்த நேரம், மறுபடி மரத்த நேரம் மூன்றையும் வள்ளத்தில் கூட இருந்தவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி மேலே வையுங்கள். எச்சிலில் வந்த ரத்தத்தை முதல் வரியாக எழுதுங்கள்.